போலீஸ் பென்ஷனும் ஒரு சுவர்க் கடிகாரமும்

ஊரையே மிரட்டின போலீஸ்காரர், ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது எவ்வளவு பணிவாகப் பேசுவார் என்று பார்க்க ஆசையா? பென்ஷன் பிரிவில் ஒரு வேலை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

2004-லிருந்து 2012 வரை கடலூரில் ஒரு போலீஸ் ஆபீசில் அந்த மேசை என்னுடையது. நான் போலீஸ் இல்லை, பேனா பிடிக்கிற ஜாதி. வீடு சிதம்பரம். காலையில் பஸ்ஸில் நின்றபடியே வந்து இறங்கி, நாற்காலியில் சாய்வதற்குள் ஜன்னலில் ஒரு முகம் தெரியும். "மேடம், எனக்குப் பென்ஷன் உண்டா?" அரசாங்க ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று கால் கடுத்த என் அருமைச் சகோதர சகோதரிகளே, உள்ளே இருக்கிறவர்களுக்கும் தலைவலி உண்டு என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

தொப்பியைக் கழற்றாத கணவர்

பென்ஷன் விண்ணப்பத்தோடு கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோ வைக்க வேண்டும். பின்னாளில் குடும்ப ஓய்வூதியம் வாங்கப்போகிறவர் இந்த அம்மாதான் என்று அடையாளம் தெரிவதற்காக. சாதாரண விதிதான். போலீஸ்காரர்களுக்கு மட்டும் அது மலையைப் புரட்டுகிற வேலை. சிதம்பரத்திலிருந்து வந்த ஏட்டு ஒருவர், யூனிபார்மில் தொப்பியோடு விறைத்து நிற்கிற தன் படத்தையும், யார் வீட்டுப் பந்தியிலோ பாயசம் குடித்துக்கொண்டிருந்த மனைவியின் படத்தையும் கத்தரித்து, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தார். "எங்க கல்யாணத்தன்னைக்கு எலெக்சன் பந்தோபஸ்து மேடம். தாலி கட்டின கையோட வேன்ல ஏறினவன் நான். எங்கேர்ந்து போட்டோ எடுக்கறது?" என்றார்.

தொப்பி கூடாது, ஒரே படத்தில் இரண்டு பேரும் இருக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் தம்பதியாக வந்தார்கள். படத்தில் அவர் யாரையோ கைது செய்து அழைத்துப் போகிறவர் மாதிரி இருந்தார். அந்த அம்மா முகத்தில் மட்டும் அப்படி ஒரு சிரிப்பு. விண்ணப்பத்துக்குக் கொடுத்தது போக, ஒன்றைப் பெரிதாகப் போட்டுச் சட்டமும் அடித்துக் கையில் வைத்திருந்தார். என்னிடம் காட்டிவிட்டுச் சொன்னார்:

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த மனுசன் எம் பக்கத்துல ஒழுங்கா உக்காந்தது அந்த ஸ்டுடியோவுலதான். இந்த ரூல்ஸ் போட்ட மவராசன் நல்லா இருக்கணும்."

இருபத்தைந்து வயதுக்கு மேல்

நான் அந்த மேசைக்கு வந்த புதிதில் பூங்கொடி வந்தார். குமராட்சிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா கோவிந்தராஜு எங்கள் மாவட்டத்தில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று, காலமாகிவிட்டவர். அவருக்குப் பிறகு அம்மா குடும்ப ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவும் போன மாதம் தவறிவிட்டார். மிச்சம் இருப்பது பூங்கொடி மட்டும். நாற்பதை நெருங்குகிற வயது, கல்யாணம் ஆகவில்லை. ஜாக்கெட் தைத்துக் கொடுத்து அதில் வண்டி ஓடுகிறது. அது வெள்ளம் வராத மாதங்களில். கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறினால் ஊரில் யாரும் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க மாட்டார்கள்.

அன்றைக்கு இருந்த விதிப்படி மகளுக்கு இருபத்தைந்து வயது வரைதான் குடும்ப ஓய்வூதியம். அதற்கு முன்னால் கல்யாணம் ஆனால் அப்போதே நின்றுவிடும். இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன். அவர் அழவில்லை, சண்டை போடவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு கேட்டார்:

"அப்ப இருபத்தஞ்சு வயசோட பசி நின்னுடும்னு ரூல்ஸ்ல எழுதியிருக்குதா மேடம்?"

மேசையில் வையுங்கள்

ஓய்வு பெறுகிற நாள் போலீசுக்குக் கண்டம். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கையில் ஒரு குற்றச்சாட்டு மெமோ வந்து சேர்ந்தால் போச்சு. பணிக்கொடை நிற்கும், முழுப் பென்ஷன் நிற்கும், தற்காலிகப் பென்ஷனை வாங்கிக்கொண்டு வருஷக்கணக்கில் விசாரணைக்கு அலைய வேண்டும். அதனால் கடைசி வாரத்தில் போன் எடுக்காதவர்கள் உண்டு, தபால்காரரைப் பார்த்தால் கொல்லைப் பக்கம் போய்விடுகிறவர்கள் உண்டு.

ஒரு சப்-இன்ஸ்பெக்டர் இருந்தார். அவர் மேல் ஒரு புகாரும் கிடையாது. இருந்தாலும் பயம். பிரிவுபசார விழாவில் மாலை போட்டார்கள், சிரித்தார். சால்வை போர்த்தினார்கள், சிரித்தார். பிறகு ஸ்டேஷன்காரர்கள் சேர்ந்து அச்சடித்த வாழ்த்து மடலைச் சுருட்டி ரிப்பன் கட்டி நீட்டினார்கள். மனிதர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுவிட்டார். எங்கள் ஆபீஸ் மூடுவது ஐந்தே முக்காலுக்கு. சுவரைப் பார்த்தார், மணி ஐந்து. மைக்கில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"யாரும் தப்பா நெனைக்காதீங்க. மேசையில வைங்க. அஞ்சே முக்காலுக்கு அப்புறம் கையில வாங்கிக்கிறேன்."

பெண் வீட்டார் கேட்ட கேள்வி

2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது. சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கிற புதுத் திட்டம்தான். இதனால் போலீஸ் மாப்பிள்ளைக்கு மார்க்கெட் விழுந்துவிட்டது என்று ஓர் இளம் காவலர் என் மேசைக்கு வந்து புலம்பினார். பெண் பார்த்தாகிவிட்டது, பிடித்தாகிவிட்டது. பெண்ணின் அப்பா மட்டும், "பென்ஷன் உண்டான்னு ஆபீஸ்ல கேட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாராம். "உண்டுன்னு ஒரே ஒரு வார்த்த போன்ல சொல்லிடுங்க மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றார்.

பொய் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். போனில் அந்தப் பெரியவருக்குப் புதுத் திட்டத்தை ஒன்று விடாமல் விளக்கினேன். பையன் எதிரில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். முக்கால்வாசி விளக்குவதற்குள் பெண்ணே போனை அப்பாவிடமிருந்து வாங்கிவிட்டார். என் காதில் விழுந்தது இதுதான்:

"மேடம், அவுரு ரிட்டையர் ஆவறதுக்கு இன்னும் எவ்ளோ வருசம் கெடக்குது, அதுக்குள்ள நானே ஒரு வேலைக்குப் போயிடுவேன். அவுர கெளம்பி வரச் சொல்லுங்க."

மறுமணம் ஆனதா?

விதி ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பூங்கொடி எங்கள் ஆபீசுக்கு வருவதை நிறுத்தவில்லை. தன் ஊர்ப் பக்கம் போலீஸ் பென்ஷன் வாங்குகிற பெண்களுக்கு அவர்தான் துணை. யாருக்கு என்ன காகிதம் வேண்டுமானாலும் மினி பஸ்ஸில் ஏற்றி அழைத்து வந்துவிடுவார். போகும்போது, "புதுசா ஏதாச்சும் வந்துச்சா மேடம்?" என்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். வருஷா வருஷம் இதே கேள்வி, இதே தலையாட்டல்.

ஒரு முறை அவர் கூட்டி வந்தது, காலஞ்சென்ற ஒரு காவலரின் மனைவி பாக்கியத்தம்மாளை. எண்பது வயது இருக்கும். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வயது எதுவானாலும் விதி விதிதான். நான் சங்கடத்தோடு கேட்டேன். பாக்கியத்தம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அறையில் இருந்த ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு கதிரேசன் சார் சட்டென்று பைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார். அந்த அம்மா பேனாவை வாங்கிக்கொண்டே சொன்னார்:

"மாப்ள இங்கதான் இருக்கறாருன்னா இப்பவே சொல்லிடு. இதுங்கள்ல ஒண்ணும் தேறாதுன்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

கை தட்டின நாள்

2011 முடிகிற சமயம் அந்த அரசாணை வந்தது. கல்யாணம் ஆகாத, கணவனை இழந்த, விவாகரத்தான மகள்களுக்கு இனிமேல் வயது வரம்பு கிடையாது, குடும்ப ஓய்வூதியம் உண்டு. படித்தேன். மறுபடியும் படித்தேன். எழுந்து நின்று கை தட்டிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர், யார் அவுட்டு என்று கேட்டார். சொல்லி அனுப்பினேன், மறுநாளே பூங்கொடி வந்தார். கல்யாணம் ஆகவில்லை என்ற தாசில்தார் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாம் அடுத்த சில நாட்களில் வந்துவிட்டன. விண்ணப்பம் சென்னைக்குப் போக வேண்டும். அதற்குக் கதிரேசன் சார் கையெழுத்து வேண்டும். அப்பா பெயரைப் பார்த்ததும் அவர் பேனாவை மூடிவிட்டார்; இத்தனை நாளும் பூங்கொடி யார் மகள் என்று அவருக்குத் தெரியாது.

"கோவிந்தராஜு ஏட்டு மவளா? அந்தப் பொண்ணுக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சேம்மா! பத்திரிகைய என் கையில குடுத்தாரு மனுசன். ஆபீஸ்லயும் ஸ்டேஷன்லயும் வசூல் பண்ணி, கடலூர்ல சுவர்க் கடிகாரம் வாங்கிப் பேரு எழுதிக் குடுத்தனுப்பினதே நான்தான்" என்றார். பூங்கொடி எழுந்து நின்றார். "பத்திரிகை அடிச்சது நெசம் சார். சிதம்பரத்துல மண்டபத்துல மாலையோட உக்காந்திருந்ததும் நெசம். மாப்ள வரல." எனக்குக் கோபம் வந்தது.

கதிரேசன் சார் கெட்டவர் இல்லை. அவருக்கு அடுத்த மே மாதம் ஓய்வு. கல்யாணம் ஆன பெண்ணுக்கு ஆகவில்லை என்று பரிந்துரை செய்து, கடைசி நாளில் தனக்கே ஒரு மெமோ வந்துவிட்டால் என்ன செய்வது? மற்றவர்களுடைய அந்தப் பயத்தைப் பார்த்துச் சிரித்தவர், இப்போது தானே அதில் உட்கார்ந்திருந்தார். "தாசில்தார் சொல்றது இருக்கட்டும். கல்யாணம் நின்னிருந்தா, அன்னைக்குக் கடிகாரத்தோட போன ஆளு வந்து சொல்லியிருப்பான்ல?" என்றார். பிறகு பூங்கொடியின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்:

"கல்யாணம் நடக்கலன்னா, நாங்க குடுத்தனுப்பின கடிகாரம் எங்கம்மா?"

சாப்பாடு பிரமாதம் என்று சொன்னவர்

போலீஸ்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போலீஸ்காரர்கள் போவது அபூர்வம். முகூர்த்த நாளில்தான் ஊரில் திருவிழாவும் வரும், கூட்டமும் வரும், லீவு கிடைக்காது. அதனால் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பொருள் வாங்கி, லீவு கிடைத்த ஒரே ஒருவரிடம் கொடுத்தனுப்புவார்கள். போனவர் திரும்பி வந்து "சாப்பாடு பிரமாதம்" என்று சொல்லிவிட்டால் எல்லோரும் போய்வந்த மாதிரி. பூங்கொடி கல்யாணத்துக்கு அப்படிப் போனவர் சவரிமுத்து. ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று, சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக இருந்தார். சனிக்கிழமை பூங்கொடியைக் கூட்டிக்கொண்டு நேரே அங்கே போனேன். பூங்கொடியைப் பார்த்ததும் மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் பழைய போர்வையில் சுற்றிய ஒரு மூட்டையோடு வந்து கதிரேசன் சார் மேசையில் வைத்தார். பிரித்தால், பிளாஸ்டிக் உறை கூடக் கிழிக்காத சுவர்க் கடிகாரம். கண்ணாடியில் சிவப்புப் பெயிண்டில் 'மணமக்கள் பூங்கொடி – தாமோதரன்' என்று எழுதியிருந்தது. "முகூர்த்த நேரம் முடிஞ்சி போச்சு சார். கோவிந்தராஜு என் கையப் புடிச்சிகினு, ஆபீஸ்ல மட்டும் சொல்லிடாத மச்சான், என்னால தல நிமிந்து நடக்க முடியாதுன்னாரு. அதான் வந்து சாப்பாடு பிரமாதம்னேன். அவுரும் அந்த மாசமே டிரான்ஸ்பர் கேட்டு வாங்கிகினு பூட்டாரு. இத அவுரு கையில எப்புடிக் குடுப்பேன்? உங்க கையில எப்புடித் திருப்பித் தருவேன்? பரண்ல போட்டுட்டேன்" என்றார். இவ்வளவு வருஷம் ஒரு போலீஸ்காரர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

கதிரேசன் சார் கடிகாரத்தைத் தடவிப் பார்த்தார். மனசு இளகிவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. "அன்னைக்கு நடக்கலன்னு ஒத்துக்கிறேன். அடுத்த முகூர்த்தத்துல அதே மாப்ளையோட நடந்திருந்தா?" என்றார். சவரிமுத்து நிமிர்ந்து நின்றார். அதற்குப் பிறகு பேசியது செக்யூரிட்டி சவரிமுத்து இல்லை, பழைய ஏட்டு சவரிமுத்து:

"தாலி கட்டாத ஆளையே புடிச்சாந்து உங்க எதுர நிறுத்திட்டா கையெழுத்துப் போடுவீங்களா சார்?"

பண்ருட்டியிலிருந்து ஒரு பலாப்பழம்

தாமோதரன் பண்ருட்டியில் பலாப்பழக் கமிஷன் மண்டி வைத்திருந்தார். சவரிமுத்து செக்யூரிட்டி யூனிபார்மைக் கூட மாற்றாமல் போய் மண்டி வாசலில் நின்று, பழைய பழக்கத்தில், "ஆபீஸ் வரைக்கும் வாங்க, சின்னதா ஒரு விசாரணை" என்று சொல்லியிருக்கிறார். காக்கியைப் பார்த்ததும் அந்த மனிதருக்குச் சப்த நாடியும் ஒடுங்கிவிட்டது. நரைத்த மீசையோடு, சீசனுக்கு முன்னாலேயே மண்டிக்கு வந்த ஒரு பெரிய பலாப்பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்குள் நுழைந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பூங்கொடியைப் பார்த்தார். பழத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அலறினார்: "சார், சத்தியமா நான் இந்தப் பொண்ணு கழுத்துல தாலி கட்டல சார்!"

கதிரேசன் சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அதத்தான்யா கேக்குறோம்! கட்டலன்னு எழுதிக் குடு!" தாமோதரனுக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டாததற்கு வழக்கு வரும் என்று பயந்து வந்தவரிடம், கட்டாததற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து விளக்கினேன். எழுதினார். அன்றைக்கும் கட்டவில்லை, அதற்குப் பிறகும் கட்டவில்லை, மறு வருஷம் வேறு இடத்தில் தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று வரிசையாக எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

பூங்கொடி அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கினார். நிதானமாகப் படித்தார். மண்டபத்தில் மாலையோடு உட்கார வைத்துவிட்டு வராமலே போனவனிடம் ஒரு பெண் என்ன கேட்பாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் தாமோதரனைப் பார்க்கவே இல்லை. காகிதத்தைக் கதிரேசன் சாரிடம் நீட்டிச் சொன்னார்:

"'தவிர்க்க முடியாத காரணத்தால் நின்றது'ன்னு எழுதியிருக்காரு சார். எங்கப்பா கடைசி நேரத்துல ஸ்கூட்டர் கேட்டாரு, நான் வாயத் தொறக்காம வீட்டுலயே உக்காந்துட்டேன்னு எழுதச் சொல்லுங்க."

கடிகாரம் ஓடுகிறது

தாமோதரன் அப்படியே திருத்தி எழுதினார். சவரிமுத்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார். கதிரேசன் சார் பேனாவைத் திறந்தார். விண்ணப்பம் சென்னைக்குப் போயிற்று. அன்று மத்தியானம் ஆபீஸ் முழுக்கப் பலாச்சுளை. பூங்கொடியும் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்று இன்னொரு சுளையும் கேட்டு வாங்கிக்கொண்டார். 2012 ஏப்ரலில் ஓய்வூதிய ஆணை வந்தபோது நான் பைலை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதேன். வெட்கமாக இல்லை. எத்தனை வருஷம் இல்லை இல்லை என்று தலையாட்டியிருக்கிறேன்! ஜெயித்துவிட்டோம் என்று அன்றைக்கு அந்த அறையில் எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது.

அடுத்த மாதம் கதிரேசன் சார் ஓய்வு பெற்றார். மெமோ ஒன்றும் வரவில்லை. மாலையோடு ஜீப்பில் ஏறுவதற்கு முன் பூங்கொடியைக் கூப்பிட்டு, புது பேட்டரி போட்ட கடிகாரத்தை அவர் கையில் கொடுத்தார். "எங்க அன்பளிப்பும்மா. கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றார். கண்ணாடியில் இன்னும் அந்த இரண்டு பெயர்களும் அப்படியே இருந்தன. எனக்குத் திக்கென்றது. இதை எப்படி வீட்டில் மாட்டுவார்? மூன்று வாரம் கழித்துப் பூங்கொடி இன்னொரு பென்ஷன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். புதுப் புடவை, கையில் பண்ருட்டி முந்திரிப் பொட்டலம். "கடிகாரத்த என்ன பண்ணீங்க?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னார்:

"'மணமக்கள்'ங்கறது மேலயும் அவுரு பேரு மேலயும் பெயிண்ட் அடிச்சி, அந்த எடத்துல அப்பா பேர எழுதிட்டேன் மேடம். மணி சுத்தமா ஓடுது!"

இத்தனை வருஷம் பென்ஷன் விதிகளோடு மல்லுக்கட்டியதில் நான் கற்றது, ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று சொல்ல ஒரு பத்திரிகை போதும், ஆகவில்லை என்று சொல்லத்தான் மாப்பிள்ளையே பலாப்பழத்தோடு வர வேண்டியிருக்கிறது.